ஒலாஜுவானின் கால்கள்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்தது நல்ல செய்தி. படியேறுவதை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடு.

உன்னிடம் பயிற்சிக்குப் புதிதாக வந்திருக்கும் உயரமான பையனைப் பற்றி எழுதியிருந்தாய். பதினைந்து வயது, இதுவரை ஹேண்ட்பால் (கையால் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம்) மட்டும் ஆடியவன், கூடைப்பந்துக்கு நேரம் கடந்துவிட்டதோ என்று கேட்டிருந்தாய். உடனே ஹக்கீம் ஒலாஜுவான் ஞாபகம்தான் வந்தது. அதே வயது, அதே ஹேண்ட்பால்.

நைஜீரியாவின் லாகோஸில் 1963 ஜனவரியில் பிறந்தவர். பெற்றோர் சிமெண்ட் வியாபாரம் செய்த யொரூபா குடும்பம். பள்ளியில் கால்பந்து கோல்கீப்பர், கூடவே ஹேண்ட்பால். கூடைப்பந்தைக் கையில் எடுத்தபோது வயது ஏறக்குறைய 15. அங்கிருந்து ஆறே வருடத்தில், 1984-ல், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆள். அந்த வருடம் மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டான். இதை எல்லோரும் அதிசயம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. முதல் பாதிப் பயிற்சியை வேறு இரண்டு ஆட்டங்களில் முடித்துவிட்டுத்தான் அவர் வந்தார்.

கோல்கீப்பர் என்ன செய்கிறான், யோசித்துப் பார். முன்பாதத்தில் எடையை வைத்து, சின்னச் சின்ன அடிகளாகப் பக்கவாட்டில் நகர்கிறான். காலைக் குறுக்கே போட்டால் அடுத்த உதை எதிர்ப்பக்கம் வரும், மாட்டிக்கொள்வான். உதைப்பவன் இடுப்பைப் பார்த்துக் காத்திருந்து, பந்து கிளம்பிய பிறகுதான் பாய்கிறான். பிளாக் செய்வதும், அதாவது எதிராளி எறியும் பந்தைக் காற்றிலேயே தட்டிவிடுவதும், அதே வேலைதான். நம் பையன்கள் பிளாக்கில் சொதப்புவது உயரம் போதாமல் இல்லை, ஷாட் ஃபேக்குக்கே (எறிவது போன்ற பாவனைக்கே) எம்பிவிடுவதால். ஹேண்ட்பாலில் பந்தோடு மூன்று காலடி அனுமதி, அதற்குள் திசை மாற்றி எம்பி எறிய வேண்டும். கூடைப்பந்தில் காலடி இன்னும் குறைவு, ஆனால் காலுக்கு அந்தத் தாளம் ஏற்கெனவே பழகியிருக்கும்.

1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது விமான நிலையத்துக்கு வரவேற்க யாரும் வரவில்லை. போன் செய்தால், டாக்ஸி பிடித்து வந்துவிடு என்றார்களாம். அவ்வளவுதான் அவர் மேல் இருந்த எதிர்பார்ப்பு! முதல் சீசன் ஆட அனுமதி கிடைக்காமல் பயிற்சி மட்டும். 1981–82-ல் இறங்கியபோது ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 18 நிமிடம், 8.3 புள்ளி. அந்த நிலையில்தான் பயிற்சியாளர்களிடம் இன்னும் நன்றாக ஆட என்ன செய்யலாம் என்று போய்க் கேட்டார். மோசஸ் மலோனோடு ஆடு என்றார்கள்.

மலோன் அப்போது ஹூஸ்டனின் என்.பி.ஏ. அணியான ராக்கெட்ஸின் சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆள்), என்.பி.ஏ.வின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். கோடையில் ஃபாண்டே என்ற பொது உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து ஆடுவார். தள்ளு, இடி, ரீபவுண்டுக்கு (தவறி விழும் பந்தைப் பிடிக்க) முட்டி மோதல் எல்லாம் உண்டு, ஃபவுல் என்று முனகினால் கேட்க ஆள் கிடையாது. அந்தக் கோடைக்குப் பிறகு வந்த சீசனில் ஒலாஜுவானின் கணக்கு, ஒரு ஆட்டத்துக்கு: 13.9 புள்ளி, 11.4 ரீபவுண்ட், 5.1 பிளாக். உன் பையனுக்கு நான் சொல்லும் முதல் யோசனையும் இதுதான். வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய ஆட்களோடு விடு. தன் வயதுக்காரர்களோடு மட்டும் ஆடினால் கையை நீட்டினாலே பந்து வந்துவிடும், காலுக்கு வேலையே இருக்காது.

கல்லூரி அணிகளின் 1983 இறுதிப் போட்டி உனக்கே தெரியும். வட கரோலினா ஸ்டேட் 54, ஹூஸ்டன் 52. கல்லூரி ஆட்டத்தில் அப்போது ஷாட் கிளாக் (இத்தனை நொடிக்குள் எறிய வேண்டும் என்ற கெடு) கிடையாது. முன்னிலை வந்ததும் பயிற்சியாளர் கை லூயிஸ் வேகத்தைக் குறைத்துப் பந்தைப் பிடித்து வைக்கச் சொன்னார். எதிரணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து ஃப்ரீ த்ரோவுக்கு அனுப்பியது. முதல் எறி தவறினால் இரண்டாவது கிடையாது என்ற விதி, அதில் மாட்டினார்கள். வேகமாக ஓடி டங்க் அடிப்பதே (எம்பிப் பந்தைக் கூடைக்குள் திணிப்பதே) பலமான அணியை நிறுத்தி வைத்தது தப்பு என்றுதான் இன்றும் சொல்வேன். தோற்ற அணியில் இருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஒலாஜுவானுக்குத்தான்.

தொழில்முறை ஆட்டத்தில் முதல் வருடமே ஒரு ஆட்டத்துக்கு 20.6 புள்ளி, 11.9 ரீபவுண்ட். ஆனால் ஃபவுல் 344, அந்த சீசனில் யாரும் அவ்வளவு செய்யவில்லை. எல்லாப் பந்துக்கும் பாய்ந்ததன் விலை. அது குறையச் சில வருடம் பிடித்தது.

இப்போது நீ கேட்ட ட்ரீம் ஷேக், ஒலாஜுவானின் பேர்போன ஏமாற்று அசைவு. அதைச் செய்வது கால்தான், தோள் வெறும் விளம்பரம். போஸ்டில் (கூடைக்கு அருகில்) முதுகைக் காட்டி நிற்கும்போது பாஸை இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் படும்படி குதித்து வாங்க வேண்டும். அப்போதுதான் எந்தக் காலை வேண்டுமானாலும் பிவட் (ஊன்றித் திரும்பும் கால்) ஆக்கலாம். ஒரு கால் முந்திப் பட்டால் அதுவே பிவட், பாதி வழி அடைபட்டது. அடுத்து, தலையும் தோளும் பந்தும் சேர்ந்து நடுப்பக்கம் ஒரு அசைவு. பிறகு பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) பக்கம் திரும்பி, ஷாட் எடுப்பது போலப் பந்தைத் தூக்க வேண்டும். தடுக்கும் டிஃபென்டர் எம்பாவிட்டால் அங்கேயே பின்சாய்ந்து ஷாட். எம்பிவிட்டால், பிவட் காலிலேயே உள்ளே திரும்பி, மறுகாலை எடுத்து வைத்து, அவன் கைக்கு அடியில் புகுந்து பந்தை விட வேண்டும். பிவட் கால் தரையை விட்டுக் கிளம்பலாம், ஆனால் மறுபடி தரை தொடுவதற்குள் பந்து கையை விட்டிருக்க வேண்டும்.

பையன்கள் சறுக்கும் இடம் இரண்டு. டிரிபிளோடு (பந்தைத் தரையில் தட்டியபடி) தொடங்கும்போது பந்து கையை விடும் முன்பே பிவட் காலைத் தூக்குகிறார்கள், அது டிராவலிங் என்ற விதிமீறல். இன்னொன்று, ஃபேக்கை அவசரமாகச் செய்வது. டிஃபென்டர் பார்த்து, நம்பி, எடையை மாற்ற அரை நொடியாவது கொடுக்க வேண்டும். 1995 என்.பி.ஏ. மேற்குப் பிரிவு இறுதியில் எதிரணி சென்டர் டேவிட் ராபின்சனுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தை எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டு. ராபின்சனுக்கு அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் கோப்பையைக் கையில் கொடுத்த அன்று, அவர் எதிரிலேயே ஒலாஜுவான் 41 புள்ளி எடுத்தார். அத்தனை ஆட்டத்திலும் பதற்றமே தெரியாது.

அதற்கு முந்தைய சீசனில் சிறந்த ஆட்டக்காரர், சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் மூன்றும் அவருக்கே. ஒரே சீசனில் இம்மூன்றையும் வாங்கியவர் வேறு யாரும் இல்லை. என்.பி.ஏ.வில் அவர் மொத்தம் செய்த 3,830 பிளாக்குகள் இன்றுவரை சாதனை.

இன்றைய நைஜீரியப் பையனுக்குப் பாதை வேறு மாதிரி. 2017-ல் செனகலில் என்.பி.ஏ. அகாடமி வந்தது, 2021-ல் ஆப்பிரிக்க லீக் தொடங்கியது. டாக்ஸிக்கு அலைய வேண்டாம். ஆனால் பதினைந்து வயதிலேயே கூடைப்பந்து ஒன்றையே ஆட வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல்.

பையனை ஹேண்ட்பாலிலிருந்து நிறுத்திவிடாதே. பாஸ் வாங்கும்போது இரண்டு காலும் ஒன்றாகப் படுகிறதா, திரும்பும்போது தானாக எந்தக் காலை ஊன்றுகிறான் என்று ஒரு வாரம் கவனித்து எழுது. அடுத்ததை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே