ஒண்ணாம் தேதி விடியற்காலை

ரங்கூன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. காளியம்மன் கோயில் பக்கம் நாம் மொய்ங்கா சாப்பிட்ட கடை இன்னும் இருக்கிறது, நேற்றும் போனேன்.

மாதாந்திர யூசேஜ் ஜாப்புக்கு, அதாவது மாதா மாதம் பயன்பாட்டை எண்ணிப் பில் போடத் தானாக ஓடும் நிரலுக்கு, எந்த டைம்ஸோனை (எந்த ஊர் நேரத்தை) வைப்பது என்று கேட்டிருந்தாய். போன மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு மளிகைக் கடைப் பெரியவர். எங்கள் மென்பொருள் வழியாகச் சில்லறைக் கடைகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்புவார். எண்ணிக்கைக்குத் தகுந்த பில். ஒண்ணாம் தேதி விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் அனுப்பிய விலைப்பட்டியல், முந்தின மாதக் கணக்கில் ஏறிவிட்டது. நோட்டை விரித்து, பென்சிலால் எழுதியிருந்த தேதியில் விரலை வைத்து, "தம்பி, இது எப்படிப் போன மாசத்துல வந்துச்சு?" என்றார். எனக்கு வாயே எழவில்லை.

சர்வர் ஓடுவது யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில். ரங்கூன் அதற்கு ஆறரை மணி நேரம் முன்னால். யுடிசியில் மாதம் பிறக்கும்போது இங்கே காலை 6:30. அதுவரை நடந்ததெல்லாம் பழைய மாதம்தான்.

ஜாப்பை யுடிசி 17:30க்கு, அதாவது இங்கே நள்ளிரவுக்கு, தள்ளிப் பார்த்தேன். தினக் கணக்குக்கு அது போதும். மாதக் கணக்குக்கு உதவாது. நம் ஒண்ணாம் தேதி நள்ளிரவு, யுடிசியில் முந்தின மாதத்தின் கடைசி நாள். அது 28ஆ, 29ஆ, 30ஆ, 31ஆ என்று சாதாரண கிரானில் (ஜாப்பைக் குறித்த நேரத்தில் ஓட்டும் கருவி) எழுத வழியில்லை. அதனால் டைம்ஸோனைப் பெயராகவே கொடு, 'ஏசியா/யாங்கூன்' என்று. சர்வர்களில் மென்பொருளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், அதன் கிரான்ஜாபில், 1.27 பதிப்பிலிருந்து இந்த வசதி நிலையாக இருக்கிறது. பழைய 'ஏசியா/ரங்கூன்' பெயரை 2016இல் மாற்றிவிட்டார்கள். எனக்கு இன்னும் ரங்கூன்தான்.

அதன் பிறகும் பில் மாறவில்லை! உள்ளே பதிவுகளை எடுத்து எண்ணும் க்வெரி யுடிசி தேதியை வைத்தே மாதத்தை வெட்டிக்கொண்டிருந்தது. ஜாப் எப்போது ஓடுகிறது என்பது வேறு, எதிலிருந்து எதுவரை எண்ணுகிறது என்பது வேறு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. பதிவுகள் யுடிசியிலேயே கிடக்கட்டும். மாதத்தின் எல்லையை மட்டும் வாடிக்கையாளரின் ஊர் நேரத்தில் கண்டு, பிறகு யுடிசிக்கு மாற்று. மாதம் தொடங்கும் நொடியைச் சேர், அடுத்த மாதம் தொடங்கும் நொடியை விடு. நள்ளிரவுக்கே ஓட்டவும் வேண்டாம். கரண்ட் போய் வருகிற ஊரில் பதிவுகள் தாமதமாகத்தான் வந்து சேரும். நான் காலை 4 மணிக்கு வைத்திருக்கிறேன்.

அப்புறம், உனக்குப் பாரிஸ் வாடிக்கையாளர்கள் உண்டல்லவா? மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை விடியற்காலை 2 மணியிலிருந்து நேராக 3 மணிக்குத் தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் வைப்பதால் 2 முதல் 3 வரை இரண்டு தடவை வரும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ஜாப்பையும் வைக்காதே. இரண்டு தடவை ஓடினாலும் ஒரே பில் வருகிற மாதிரி எழுதிவிடு.

திருத்திய பில்லை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் நோட்டோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்து டிக் போட்டார். பிறகுதான் டீ சொன்னார்.

ஏதாவது சந்தேகம் என்றால் ராத்திரி போன் பண்ணு. உனக்குச் சென்னையில் ஒன்பது மணி என்றால் எனக்குப் பத்து, விழித்துத்தான் இருப்பேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்