யாழ்ப்பாணக் கோட்டைத் தேவாலய இடிபாட்டை அப்படியே காக்கக் கோரி மனு

பெறுநர்: பணிப்பாளர் நாயகம், தொல்பொருள் திணைக்களம், கொழும்பு

ஐயா,

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) குவியலாகக் கிடக்கும் ஒல்லாந்தர் தேவாலயத்தைப் பற்றித்தான் இந்த மனு. கோட்டை மதிலைத் திருத்தியது நல்ல வேலை, நெதர்லாந்து அரசும் அதற்கு உதவியது, அதில் எங்களுக்குக் குறை இல்லை. ஆனால் வருகிறவர்கள் மதிலில் ஏறிப் பண்ணைக் கடலைப் படமெடுத்துவிட்டு, தேவாலயம் நின்ற இடத்தை ஏதோ உடைந்த கட்டடம் என்று கடந்து போகிறார்கள்.

அங்கே நடந்ததைப் பாருங்கள். முதலில் அது போர்த்துக்கேயரின் அற்புத மாதா வழிபாட்டிடம், கோட்டையே அந்த மாதாவின் பெயரைத்தான் சுமந்தது. 1658இல் மாதக்கணக்கான முற்றுகைக்குப் பிறகு கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது, கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, மாதாவின் இடத்தில் ஒல்லாந்தரின் புரட்டஸ்தாந்து சபையான சீர்திருத்தத் திருச்சபையின் பிரசங்கம் கேட்டது. 1706இல் நான்கு கைகளும் சமமான சிலுவை வடிவில் ஒல்லாந்தர் புதிதாகப் பெரிய தேவாலயம் கட்டினார்கள். இலங்கையில் அவர்கள் கட்டியவற்றிலேயே பெரியது அதுதான் என்பார்கள். இதில் ஒரு வேடிக்கை: மாதா வணக்கத்தைத் துரத்தியவர்கள், மாதாவின் பெயரும் 1648 என்ற ஆண்டும் பொறித்த போர்த்துக்கேயர் மணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நல்ல மணியை யார்தான் வீசுவார்கள்! தரையில் கல்லறைக் கற்களைப் பதித்து அதை மயானமாகவும் ஆக்கினார்கள். 1795இல் வந்த ஆங்கிலேயரும் அதை இடிக்கவில்லை. பிறகு அதே கோட்டைக்குள் சிறைச்சாலை இயங்கியது, எண்பதுகளில் இராணுவ முகாம், 1990இல் விடுதலைப் புலிகளின் முற்றுகை. முந்நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த தேவாலயம் போருக்குள் தரைமட்டமானது.

அதை 1706இல் இருந்தபடியே திரும்பக் கட்டினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. எங்களுக்கு உடன்பாடு இல்லை. புதுச் சுண்ணாம்பு பூசி எழுப்பினால் ஒல்லாந்தர் காலம் மட்டும் பளிச்சென்று நிற்கும், அதற்கு முந்திய மாதா கோயிலும் பிந்திய போரும் காணாமல் போய்விடும். போரை நேரில் பார்த்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் கண்முன்னே அப்படிச் செய்வது சரியில்லை.

ஆகவே இடிபாட்டை இடிபாடாகவே வையுங்கள். மீதி நிற்கும் சுவர் அடி மேலும் சரியாமல் சுண்ணாம்புக் காரையால் பிடித்து நிறுத்துங்கள், சீமெந்து வேண்டாம், அது முருகைக்கல்லுக்கு ஒத்துவராது, உப்பும் ஈரமும் உள்ளே தங்கிக் கல்லே உதிர்ந்துபோகும். சிதறிய கற்களுக்கு இலக்கமிட்டு அங்கேயே அடுக்குங்கள், அவற்றில் செதுக்கு வேலை உள்ளவை தனியாகக் கூரைக்குக் கீழே போகட்டும். குவியலில் பிள்ளைகள் ஏறி விளையாடாதபடி தாழ்வான வேலி போதும்.

அப்புறம் தகவல் பலகை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும், முதலில் தமிழில். ‘ஒல்லாந்தர் தேவாலயம், 1706’ என்ற ஒற்றை வரி வேண்டாம், மாதா கோயிலிலிருந்து போர் வரைக்கும் எழுதுங்கள், யார் மனமும் நோகாமல் ஆனால் மறைக்காமல். அந்த மணியும் கல்லறைக் கற்களும் இப்போது எங்கே இருக்கின்றன என்பதையும் அதிலேயே போடுங்கள். வாசகத்தை முடிவாக்கும் முன்பு இங்கே உள்ள வரலாற்று ஆசிரியர்களிடமும் கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபையினரிடமும் ஒருமுறை காட்டுங்கள்.

இவற்றில் எதை இந்த வருடம் செய்ய முடியும், எதற்குப் பணம் இல்லை என்று எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
யாழ். நகரவாசிகள்