டீசல் தட்டுப்பாடும் நெல் வயலும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஆயில் என்ஜின், பம்ப், பைப் வாங்க வருகிறவர்கள் பலரும் டீசல் விலை இன்னும் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறீர்கள். விலை ஏறினால் சமாளிக்கலாம். சரக்கே வராமல் போவதுதான் பெரிய ஆபத்து. 2022-இல் இலங்கையில் அதுதான் நடந்தது. கையில் பணம் இருந்தும் உழவுக்கும் அறுவடைக்கும் டீசல் இல்லை. கியூஆர் குறியீடு காட்டி வாரத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் நிலை வந்தது. நம் நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயிலும் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதிதான்.

டீசலோடு இது முடியவில்லை. யூரியாவுக்கு மூலப்பொருள் இயற்கை எரிவாயு. மணலி, தூத்துக்குடி ஆலைகள் சில ஆண்டுகள் முன்புவரை பெட்ரோலிய நாப்தாவில்தான் ஓடின. 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைப்பது அரசு மானியத்தால். பிவிசி பைப் விலையும் எண்ணெய்ச் சந்தையோடு சேர்ந்தே ஆடுகிறது. நாங்கள் கொடுக்கும் விலைப்பட்டியல் நீண்ட நாள் செல்லாததற்குக் காரணம் அதுதான்.

இனி, உங்கள் கையில் இருப்பதைப் பார்ப்போம். 5 எச்பி என்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும். அதில் வீணாவது பெரும்பாலும் சக்ஷன் பக்கம், அதாவது தண்ணீரை உறிஞ்சும் பைப் பக்கம். தண்ணீர் விட்டுவிட்டுப் பீய்ச்சினால் எங்கோ காற்று இழுக்கிறது. காற்று உள்ளே போகும் ஓட்டையில் வெளியே ஒரு சொட்டும் கசியாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஜாயிண்ட் ஒவ்வொன்றிலும் குழைத்த களிமண்ணை அப்பிப் பாருங்கள். எதில் அப்பியதும் தண்ணீர் சீராகிறதோ, அதைப் பிரித்து வாஷர் மாற்றுங்கள். சக்ஷன் பைப்பின் அடி முனையில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் புட் வால்வில் வைக்கோல் துண்டு மாட்டினாலும் தண்ணீர் இறங்கிப் போய், ஒவ்வொரு முறையும் ஊற்றித்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

தண்ணீர் வெளியே கொட்டும் டெலிவரி பைப்பை வாய்க்காலுக்கு மேல் நாலடி தூக்கி வைப்பது பார்க்க அழகுதான். தண்ணீரை ஏற்றும் மொத்த உயரம் 20 அடி என்றால், அந்த அழகுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டீசல் போகிறது. என்ஜினைக் குளிர்வித்து வெளியே வரும் தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். சில்லென்று வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை. அந்தக் குழாய் வால்வைக் கொஞ்சம் அடைத்து வையுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய மிச்சம், என்ஜின் ஓடும் நேரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு இப்போது ஓர் அளவுகோல் உண்டு. ஓரடி நீளம், ஆறங்குல விட்டமுள்ள பைப் துண்டு போதும். எங்களிடம் கிடக்கும் வெட்டுமிச்சமே சரியாக இருக்கும், புது பைப் வாங்க வேண்டாம். அடியிலிருந்து 20 செ.மீ. வரை சுற்றிலும் சிறு துளைகள் போட்டு, அந்த அளவு மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. நட்டு இரண்டு வாரம் ஆன பிறகு, தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கினால்தான் பம்பைப் போட வேண்டும், அதுவும் 5 செ.மீ. நிற்கும் அளவுக்கு மட்டும். பூக்கும் தருணத்தில் காயவிடாதீர்கள், பதர் விழும். வேதாரண்யம் பக்கம் போல உப்பேறும் நிலத்தில் இந்த முறையே வேண்டாம். காயக் காய உப்பு மேலே வரும்.

யூரியாவைக் கூட்டிப் போட்டால் பயிர் கரும்பச்சையாக நிற்கும், காற்றடித்தால் சாய்ந்துவிடும். சாய்ந்த நெல்லை அறுக்க இயந்திரம் கூடுதல் மணி நேரம் எடுக்கும். வயலில் ஈரமும் இருந்தால் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை வண்டிதான் இறங்கும், அதற்கு வாடகை அதிகம். இலையின் பச்சை நிறத்தை ஒப்பிட்டு யூரியா தேவையா என்று காட்டும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுங்கள். சம்பாவில் ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா போதும்.

கடைக்கு வரும்போது புட் வால்வைக் கழற்றி எடுத்து வாருங்கள், பார்த்துத் தருகிறோம். பம்ப் மாற்ற நினைப்பவர்கள் தண்ணீரின் ஆழம், பைப் நீளம், பெண்ட் (பைப் வளைவு) எத்தனை என்று குறித்து வரவும்; அது தெரியாமல் எச்பி சொல்ல மாட்டோம்.

இப்படிக்கு,
பம்ப்செட், பைப் கடையார்