தம்பியின் சத்திரசிகிச்சை பற்றி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள சிவநேசன்,

உமது கடிதமும் அதனுடன் வைத்திருந்த தம்பியின் அறிக்கைகளும் கிடைத்தன. இரத்தம் போவதை மூலவியாதி என்று தானே தீர்மானித்து நாட்டு மருந்தில் காலத்தைக் கடத்திக்கொண்டிருந்தவரை, குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கும் கொலனொஸ்கோப்பிக்கு இழுத்துச் சென்றவர் நீர்தான் என்று அறிந்தேன். நல்ல காரியம் செய்தீர். குடலில் இருப்பது புற்றுநோய்க் கட்டி என்றாலும், ஈரலிலோ நுரையீரலிலோ எதுவும் இல்லை என்று சிடி ஸ்கேன் சொல்வது பெரிய ஆறுதல்.

யாழ்ப்பாணத்து நிபுணர் வயிற்றைத் திறந்தும் செய்யலாம், லப்பரஸ்கோப்பி எனும் சிறுதுளை வழியாகவும் செய்யலாம் என்கிறார். கனடாவிலுள்ள மைத்துனரோ சென்னைக்குக் கொண்டுபோய் ரோபோ மூலம் செய்விக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று எழுதியிருந்தீர். நான் கத்தி பிடித்தவன் அல்லன். மயக்கமருந்து வைத்தியனாக நோயாளியின் தலைமாட்டில் நின்றே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. ஆனால் தலைமாட்டில் நிற்பவனுக்கு ஒரு வசதி உண்டு: பலருடைய கைவண்ணத்தைப் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அறிக்கையைத் திறந்ததும் நான் தேடியது, கட்டி குதவாயிலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உள்ளே இருக்கிறது என்பதைத்தான். 9 என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் இது மலக்குடலின் நடுப்பகுதி. மைத்துனர் அனுப்பிய குறிப்புகள் பெருங்குடலையும் மலக்குடலையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பேசுகின்றன. இரண்டும் ஒரே குழாயின் பகுதிகள்தான் என்றாலும், வெட்டுபவருக்கு அவை இரு வேறு ஊர்கள்.

பெருங்குடலைப் பொறுத்தவரை வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. லப்பரஸ்கோப்பி மூலம் குடலை வெட்டியெடுத்த செய்தி 1991இல் அமெரிக்காவிலிருந்து வந்தபோது எல்லோரும் வியந்தார்கள். அடுத்த சில வருடங்களில், கருவி நுழைத்த துளைகளிலேயே புற்றுநோய் மீண்டும் முளைத்ததாக அறிக்கைகள் வரத் தொடங்கியதும் அதே ஆட்கள் பயந்து பின்வாங்கினார்கள். அந்தப் பயம் தீர 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வட அமெரிக்காவில் 872 நோயாளிகளை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வில், மூன்று வருடங்களில் நோய் திரும்பியவர்கள் சிறுதுளைப் பிரிவில் நூற்றுக்கு 16 பேர், திறந்த பிரிவில் 18 பேர். உயிரோடிருந்தவர்கள் முறையே 86, 85. அந்த ஆய்வில் சேருவதற்கு ஒவ்வொரு நிபுணரும் இத்தகைய சத்திரசிகிச்சைகள் குறைந்தது 20 செய்திருக்க வேண்டும், வெட்டி ஒட்டாத வீடியோப் பதிவு ஒன்றையும் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. அப்படித் தேறியவர்களிடமும் ஐந்தில் ஒருவருக்கு நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது. ஆகவே யாராவது சிறுதுளையில் தொடங்கிப் பிறகு திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்; சரியான நேரத்தில் திறக்கத் தெரிந்தவரிடம் எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

மலக்குடல் கதை வேறு. அது இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் கிடக்கிறது; ஆண்களுக்கு அந்த இடம் இன்னும் ஒடுக்கம்; சிறுநீருக்கும் ஆண்மைக்கும் உரிய நரம்புகள் இரு பக்கமும் ஒட்டியபடி ஓடுகின்றன. இங்கிலாந்தின் பேசிங்ஸ்ரோக் நகரில் பணியாற்றிய பில் ஹீல்ட் என்ற நிபுணர் 1982இல் ஒரு விடயத்தைத் தெளிவாக்கினார். மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது, நோய் முதலில் பரவும் நிணநீர்க்கணுக்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன, அந்த உறையைக் கிழிக்காமல் முழுதாக எடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்புவது மிகவும் குறைகிறது. இன்றுவரை இந்தச் சத்திரசிகிச்சையின் உயிர் அதில்தான் இருக்கிறது. எடுத்த பகுதியைத் தட்டில் வைத்துப் புரட்டிப் பார்ப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பொறுமையான கை எடுத்ததாக இருந்தால் உறை ஒரு கீறலும் இல்லாமல் வழவழப்பாகப் பளபளக்கும். அவசரக் கையானால் கொழுப்பு பள்ளம் பள்ளமாகப் பெயர்ந்து உள்ளே குடலின் தசை சிவப்பாகத் தெரியும். பிறகு நோயியல் நிபுணர் அதன் வெளிப்புறத்தில் மை பூசி, துண்டு துண்டாக அறுத்து, கட்டிக்கும் அந்த மை விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பார். ஒரு மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் கவலைப்பட வேண்டும். வயிற்றிலுள்ள தழும்பு நான்கு சிறு புள்ளிகளா, ஒரு நீண்ட கோடா என்பது அந்த அளவுகோலில் எங்கும் வராது.

இதனால்தான் மலக்குடலில் சிறுதுளை முறை பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. 2015இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வொன்றில் 1044 நோயாளிகளில் இரு முறைகளிலும் நோய் அதே இடத்தில் திரும்பியது நூற்றுக்கு 5 பேருக்குத்தான். ஆனால் அதே வருடம் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த ஆய்வில், எடுத்த பகுதி குறையில்லாமல் இருந்தது சிறுதுளைப் பிரிவில் 82 வீதம், திறந்த பிரிவில் 89 வீதம். மலக்குடல் பற்றிய அமெரிக்க ஆய்வொன்றும் ஏறத்தாழ அதையே சொன்னது. பின்னர் அந்த நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தபோது நோய் திரும்புவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றாலும், இந்தப் பகுதியில் சிறுதுளை முறை எல்லோருக்கும் கைவரும் வேலை அல்ல என்பதை அந்த எண்கள் காட்டிவிட்டன.

ரோபோவுக்கு வருகிறேன். ரோபோ தானாக எதையும் வெட்டுவதில்லை. நிபுணர் சற்றுத் தள்ளி அமர்ந்து முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி கைகளை அசைக்க, மணிக்கட்டுப் போல வளையும் கருவிகள் உள்ளே அசைகின்றன. ஒடுங்கிய இடுப்புக்குள் இது வசதிதான். 2017இல் வந்த 471 பேர் கொண்ட ஆய்வு, நடுவில் வயிற்றைத் திறக்க நேர்வது ரோபோவால் குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது என்று நிறுவத் தவறியது. ஆனால் 2025இல் வெளிவந்த சீன ஆய்வு, நடு மற்றும் கீழ் மலக்குடல் நோயாளிகளில், அதே இடத்தில் நோய் திரும்புவது மூன்று வருடங்களில் ரோபோவுடன் 1.6 வீதம், சாதாரண லப்பரஸ்கோப்பியுடன் 4.0 வீதம் என்று சொல்கிறது. ஆகவே மைத்துனரின் பேச்சில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சீன நிபுணர்கள் இரண்டு முறைகளிலும் நன்கு தேர்ந்தவர்கள் என்பதையும் அவருக்குச் சொல்லும். மாதத்துக்கு ஒன்று செய்பவரின் ரோபோவைவிட, வாரந்தோறும் செய்பவரின் திறந்த சத்திரசிகிச்சையில் தம்பியைப் படுக்க வைக்கவே எனக்கு மனம் வரும்.

என் துறையிலிருந்தும் ஒரு கவலை. சிறுதுளை முறையில் வயிற்றைக் கார்பனீரொட்சைட்டு வாயுவால் உப்ப வைத்து, தலைப்பக்கம் தாழ மேசையைச் சரித்துவிடுவார்கள்; குடல்கள் மேல்நோக்கி வழிந்து இடுப்புப் பகுதி வெளிக்கும். அதே நேரம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு நுரையீரலை அழுத்தும், இரத்தத்தில் ஏறும் வாயுவைச் சுவாசப் பொறியால் வெளியேற்ற நாங்கள் பாடுபட வேண்டும், இந்த நிலையில் பல மணித்தியாலம் போகும். தம்பி நெடுங்காலம் சிகரெட் பிடித்தவர் அல்லவா? இன்றே நிறுத்தச் சொல்லும்; மயக்கமருந்து வைத்தியரிடம் மறைக்கவும் வேண்டாம். முடிந்த மறுநாள் தோள்மூட்டில் வலி என்று அவர் சொன்னால் இருதயம் என்று பதற வேண்டியதில்லை. அந்த வாயு உறுத்தியதால் வருவது பெரும்பாலும். வாட்டில் சொல்லிவைத்தால் போதும்.

ஒன்று நிச்சயமாக மாறியிருக்கிறது. எங்கள் காலத்தில் வாயு பிரியும் வரை பட்டினி, மூக்கில் குழாய், படுத்த படுக்கை. டென்மார்க்கின் ஹென்றிக் கெலெற் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் காட்டிய வழியில் இப்போது சத்திரசிகிச்சைக்கு இரண்டு மணித்தியாலம் முன்வரை தண்ணீர் கொடுக்கிறார்கள், மறுநாளே நடக்க வைக்கிறார்கள், உணவும் விரைவில் தொடங்குகிறார்கள். விரைவில் வீடு திரும்புவதில் இதற்குள்ள பங்கைச் சிறுதுளைக்கே எழுதிவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

தம்பி உண்மையில் அஞ்சுவது மலம் சேர வயிற்றில் வைக்கும் பையை என்று உமது கடிதத்தின் கடைசி வரியில் தெரிந்தது. 9 சென்ரிமீற்றரில் இருக்கும் கட்டிக்குக் குதத்தைப் பொதுவாகக் காப்பாற்றலாம். குடலைத் தைத்த இடம் ஆறும் வரை சிறுகுடலில் தற்காலிகப் பை வைப்பது வழக்கம், சில மாதங்களில் மூடிவிடுவார்கள். எந்த முறையில் செய்தாலும் இதில் மாற்றமில்லை என்று அவரிடம் நீரே சொல்லும். ரோபோ என்றால் பை வராது என்று யாரோ அவரை நம்ப வைத்திருக்கிறார்கள்.

எதற்கும் முன் இடுப்பின் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும், நீர் அனுப்பிய அறிக்கைகளில் அது இன்னும் இல்லை. கட்டி உறையின் விளிம்பை நெருங்கியிருந்தால் முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துச் சுருக்குவார்கள். அதற்குத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையா, மகரகமவில் உள்ளதா என்று உமது நிபுணரே சொல்வார். அவரிடம் கூச்சப்படாமல் கேளும்: வருடத்துக்கு மலக்குடல் சத்திரசிகிச்சை எத்தனை செய்கிறீர்கள், தையல் கசிந்தால் இரவில் யார் பார்ப்பார்கள்? நல்லவர் கோபிக்க மாட்டார்.

எம்ஆர்ஐ முடிந்ததும் படங்களைச் சீடியில் வாங்கிக்கொண்டு, அறிக்கையை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும். இங்கே இன்னொருவர் பார்க்கட்டும் என்று தோன்றினால் தம்பியையும் கூட்டிக்கொண்டு வாரும். கீழ் அறை சும்மாதான் கிடக்கிறது, கோட்டை ரயில் நிலையத்துக்கு மகனை அனுப்புகிறேன்.

அன்புடன்,
தேவன்