சேலத்து மாடிக்கு 12 டிகிரி சாய்வே போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபா மத்திய அரசு மானியம்னு ஆனதுல இருந்து சேலத்துல எங்க பாத்தாலும் சோலார் பேச்சுதான், நல்ல விஷயம், ஆனா பேனலை எப்படி சாய்ச்சு மாட்டணும்ங்கிறதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. சூரமங்கலத்துல ஒரு வீட்டு மாடில 25 டிகிரி சாய்ச்சு வச்சிருக்காங்க, கேட்டா மாட்டுனவங்க எல்லா ஊருக்கும் இதான் சார்ங்கிறாங்களாம். சாய்வு அந்தந்த ஊரோட அட்சரேகையை ஒட்டித்தான் இருக்கணும். டெல்லி 28 டிகிரி அட்சரேகைக்கு மேல இருக்கு, அங்க அது சரி, நம்ம ஊரு 11.6 தானே! ஏப்ரல் கடைசில இருந்து ஆகஸ்ட் 20 வாக்குல வரைக்கும் மத்தியான சூரியன் நம்ம தலைக்கு வடக்கால நிக்கும், ஜூன்ல 25 டிகிரி தெக்க சாஞ்ச பேனல் உச்சி வெயில்ல அஞ்சுல ஒரு பங்கை விட்டுடும். தெக்கு பாத்து 10, 12 டிகிரி வச்சா வருஷம் பூரா சரியா வரும், அதுக்காக ஒரேயடியா படுக்க வச்சுடாதீங்க, மழை பெஞ்சா தூசி வழிஞ்சு போகணும்ல.

அப்புறம் இந்த ட்ராக்கர். சூரியன் பின்னாடியே பேனலை கிழக்க இருந்து மேக்க திருப்பும், வெயில் நல்லா அடிச்சா 15ல இருந்து 25 சதவீதம் கரண்ட் கூடுதலா கிடைக்கும், பொய் இல்ல. ஏக்கர் கணக்குல போடுறவங்களுக்கு அது சரி. மூணு கிலோவாட் வீட்டுக்கு எதுக்குங்க மோட்டாரும் பேரிங்கும், கோடை மழைக்கு முன்னாடி அடிக்கிற சூறைக்காத்துல அதை யாரு மாடியேறி பாக்குறது, அந்தக் காசுக்கு ரெண்டு பேனல் சேத்து போட்டுட்டு போயிடலாம். ஏற்காட்டுக்காரங்களுக்கு இன்னும் வேண்டாம், மூடுபனில வெளிச்சம் வானம் பூரா பரவித்தான் வருது, எந்தப் பக்கம் திருப்பி என்ன ஆகப்போகுது. காலைல பனி லேட்டா விலகுற இடம்னா கொஞ்சம் மேக்க பாத்து வைக்கலாம், அவ்ளோதான்.

உண்மைல யூனிட்டை சாப்பிடுறது நிழல்தான். தண்ணி டேங்க், தென்னை ஓலை, காபி தோட்டத்து சில்வர் ஓக்குனு எதோட நிழல் ஒரு பேனல் மேல விழுந்தாலும் வரிசையா கோத்திருக்கிற மத்ததையும் சேத்து இழுக்கும், டிசம்பர்ல வெயில் தெக்கால சாயுறப்ப கைப்பிடிச்சுவர் நிழலும் நீளும். இதை மாடிக்கே ஏறாம கொட்டேஷன் குடுக்கிறவங்க எப்படி பாப்பாங்க?

சாய்வு எத்தனை டிகிரி, எந்தத் திசை, நிழல் பாத்தாச்சானு கொட்டேஷன்லயே எழுதி வாங்கச் சொல்லி உங்க பேப்பர்ல கொஞ்சம் பெருசா போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்