திருகைத் திருப்பியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ரோபோப் போட்டியில் பதக்கம் வாங்கிய படம் உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. கழுத்தில் பதக்கம், கையில் கொடி, பின்வரிசையில் தலைமையாசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும், ஓரமாக ஓர் அரசியல்வாதி. எனக்கு அந்தப் படங்கள் பிடிக்கும். வெட்டி எடுத்து வைக்கிற ஆள் நான். ஆனால் ரோபோ என்ன செய்தது, எதனால் ஓடியது, எங்கே மக்கர் பண்ணியது என்று செய்தியில் ஒரு வரி இருக்காது. எத்தனை நாடுகள் கலந்துகொண்டன, யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்பது மட்டும் விவரமாக இருக்கும்.

நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுச் சில்லு (சிப்) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓப்பரேட்டராக உள்ளே போய் டெக்னிஷியனாக வெளியே வந்தேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

என் பேத்தி ஆண்டு 5 படிக்கிறாள். அவள் பள்ளியில் ரோபோக் குழு உண்டு. வெளியே ஒரு நிறுவனத்திலிருந்து பயிற்சியாளர் வருகிறார், கட்டணமும் உண்டு. பள்ளியின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இங்கே வேண்டாம், ஏனென்றால் பல இடங்களில் நடப்பது இதுதான். தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே ஓடும் சின்ன வண்டி; அதுதான் முதல் பாடம். வகுப்பறையில் வண்டி ஒழுங்காக ஓடியது. பெற்றோருக்குக் காட்டுவதற்காக மண்டபத்துக்குக் கொண்டு வந்தார்கள். பக்கவாட்டுக் கதவுக்கு நேராக வந்ததும் கோட்டை விட்டு விலகி நாற்காலிக்கு அடியில் போய் முட்டிக்கொண்டது. மறுபடி விட்டார்கள், மறுபடியும் அதே இடம். பயிற்சியாளர் வந்தார், பையிலிருந்து ஒரு சின்னத் திருப்புளியை எடுத்தார், வண்டியின் மூக்கில் எதையோ லேசாகத் திருப்பினார். வண்டி ஓடியது. எல்லாரும் கைதட்டினோம்.

காரில் வரும்போது பேத்தியிடம் கேட்டேன். "ஏம்மா முதல்ல ஓடலை?"

"சார் சரி பண்ணிட்டாரு பாட்டி."

"என்ன பண்ணாரு?"

"தெரியலை, என்னமோ திருப்புனாரு."

எனக்குக் கோபம் வந்தது. குழந்தை மேல் இல்லை.

அவர் திருப்பியது என்ன என்று சொல்கிறேன். அந்த வண்டியின் மூக்கில் இருக்கும் சென்சர் ஐந்தாறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கிற சாமான். அதில் ஒரு விளக்கு அகச்சிவப்புக் கதிரைத் தரையை நோக்கி அனுப்பும். வெள்ளைத் தரை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு நாடா விழுங்கிவிடும். திரும்பி வருவது எவ்வளவு இருந்தால் வெள்ளை, எவ்வளவு குறைந்தால் கறுப்பு என்று எல்லை வகுப்பதுதான் நீலப் பெட்டி மேல் இருக்கும் அந்தத் திருகு. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு. கதவு வழியாக விழுந்த வெயிலில் கறுப்பு நாடாவையும் சென்சர் வெள்ளை என்று எண்ணிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் புரியாத ஒன்றும் இதில் இல்லை.

அதே மாதிரி சென்சர் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தேன். கைப்பேசிக் கேமராவை விளக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் திரையில் லேசான ஊதா வெளிச்சம் தெரிந்தது. அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடி வந்துவிட்டான். அப்புறம் இரண்டு பேருமாக ஜன்னல் ஓரம் வைத்தும் மேசைக்கு அடியில் வைத்தும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார்கள். ஜன்னல் ஓரத்துக்குச் சரியாக வைத்தால் மேசைக்கு அடியில் தவறியது. கடைசியில் பேத்தியே கறுப்பு அட்டையை வெட்டிச் சென்சரைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டிவிட்டாள். வெயில் உள்ளே வராது, திருகைத் தொடவே வேண்டாம். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே அந்த யோசனை வரவில்லை, நான் இன்னும் திருகிலேயே நின்றிருந்தேன்.

காசு கட்டி அனுப்பிய வகுப்பில் அந்த நிமிடம் அவளுக்குக் கிடைக்காமல் போனதுதான் என் குறை. பயிற்சியாளர் கெட்டவர் இல்லை. பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், போட்டி நெருங்குகிறது, வண்டி ஓடியாக வேண்டும். ஓடாத வண்டியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா நிற்க அவருக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

தொழிற்சாலையில் எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது இந்தச் சும்மா நிற்பதைத்தான். தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டும் இயந்திரங்களில் வேலை செய்தேன். ஒரு லாட், அதாவது ஒரு தொகுதிச் சில்லு, முழுக்க ரிஜெக்ட் ஆனால் இயந்திரத்தின் மேல் பாய்ந்து எல்லாவற்றையும் திருப்பக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதி வைக்க வேண்டும், மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எங்கள் சூப்பர்வைசர் அதற்கும் திட்டுவார். எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடுமே! படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் அறிவியல் தாளில் மாறியைக் கட்டுப்படுத்துதல் என்று கேட்கிறார்கள் இல்லையா, அதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத நாங்கள் ஷிப்ட் வேலையில் படித்தோம்.

பினாங்கில் இப்படிப் படித்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழில் மண்டலம் தொடங்கியபோது முதலில் வந்த இன்டெல், ஏ.எம்.டி., ஹியூலெட் பேக்கார்ட், போஷ், ஹிட்டாச்சி போன்ற எட்டு நிறுவனங்களை இங்கே இன்றும் எட்டுச் சாமுராய் என்பார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலையே நம் பாயான் லெப்பாஸில்தான். விடியாத நேரத்தில் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் தொழிற்சாலை பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்களில் நம் பெண்களும் நிறையப் பேர். (அப்போது எங்களுக்கு ஊர் வைத்த பட்டப்பெயர்களை இங்கே எழுத முடியாது.) இன்று அவர்கள் ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த கைகள் பள்ளி வாசலிலேயே காத்துக்கிடக்க, அறிவியல் ஆர்வத்தை ஊட்ட வெளியிலிருந்து ஆள் தேடுகிறோம்.

போட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல போட்டிகள் நான் சொல்வதை ஏற்கெனவே விதியாக வைத்திருக்கின்றன. 2004-இல் சிங்கப்பூரில் முதன்முதலில் நடந்த உலக ரோபோ ஒலிம்பியாட்டின் இறுதிச் சுற்று 2012-இல் நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. ரோபோப் பணிகளுக்கான பிரிவில் ஓர் ஓட்டத்துக்கு 2 நிமிடம். போட்டி நாள் காலையில் திடீர் விதி ஒன்றை அறிவிப்பார்கள். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்து வந்த நிரல் அப்படியே செல்லாது. பிள்ளைகள் வேலை செய்யும் நேரத்தில் பயிற்சியாளர் அந்தப் பக்கம் போகக் கூடாது. அமெரிக்காவில் டீன் கேமன் 1989-இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு நடத்தும் லெகோ லீக்கிலும் வண்டி ஓடினால் மட்டும் போதாது. நடுவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து, ஏன் இப்படிக் கட்டினீர்கள், முதலில் எப்படி இருந்தது என்று கேட்டு அதற்கும் புள்ளி போடுவார்கள். இதற்குத் தயாராகிற பிள்ளை பதக்கம் வாங்காமல் வந்தாலும் நட்டமில்லை.

மற்ற சில போட்டிகள் இருக்கின்றன. பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, ஹோட்டல் எல்லாம் கட்டிப் போனால் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு நிறத்தில் பதக்கம் உண்டு. அதற்காக நன்கொடை விருந்து, சாப்பாட்டு டிக்கெட், பெற்றோர் கடன். நான்கைந்து பிள்ளைகள் போய்வருகிறார்கள். திரும்பி வந்ததும் ரோபோப் பெட்டி தலைமையாசிரியர் அறை அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொள்கிறது, தொலைந்துவிடுமாம். விலை உயர்ந்த லெகோப் பெட்டி என்றால் ஒன்றே 2,000 ரிங்கிட்டுக்கு மேல். அவர்கள் பயமும் நியாயம்தான்.

அந்த ஒரு பெட்டியின் காசில் என்ன செய்யலாம்? ஆர்டுயினோ வகைப் பலகை, அதாவது நாம் எழுதும் நிரலை ஓட்டி மோட்டார், சென்சரை இயக்கும் சின்ன மின்னணுப் பலகை, 40 ரிங்கிட்டுக்குள் கிடைக்கிறது. நம் பினாங்கிலேயே இருக்கும் சைட்ரான் நிறுவனம் மேக்கர் ஊனோ என்று ஒரு பலகை செய்கிறது. அதில் கம்பி செருகும் ஒவ்வொரு டிஜிட்டல் பின்னுக்கும் ஒரு குட்டி விளக்கு உண்டு. பின்னுக்கு மின்சாரம் வருகிறதா இல்லையா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம், விளக்கைப் பார்த்தாலே தெரியும். பிழை தேடக் கற்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல உபகாரம் இல்லை. பலகை, இரண்டு மோட்டார், சென்சர், சக்கரம், பேட்டரிப் பெட்டி எல்லாம் சேர்த்தாலும் ஒரு லெகோப் பெட்டிக்குப் பதில் வகுப்பில் பாதிப் பேருக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். உடைந்தால் உடையட்டும். மோட்டார் சுற்றத் தொடங்கியதும் பலகை அணைந்து அணைந்து வந்தால், மோட்டார் பேட்டரியை அப்படி இழுக்கிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். வீட்டுக்கு எடுத்துப் போய் ஒரு வாரம் வைத்திருந்து கொண்டுவரட்டும், நூலகத்துப் புத்தகம் போல.

இன்னொன்று. தமிழ்ப்பள்ளியில் இவ்வளவு ஆர்வமாக இருந்த பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 1-க்குப் போனதும் என்ன ஆகிறார்கள்? என் பேத்தியின் அண்ணன் இப்போது படிவம் 3. அவனும் ஆண்டு 6 வரை ரோபோக் குழுவில் இருந்தவன். புதுப் பள்ளியில் அப்படி ஒரு குழு இல்லை, இவன் போய்க் கேட்கவும் இல்லை. பழைய பள்ளியில் பூட்டிக் கிடக்கும் பெட்டி இனி அவனுடையது அல்ல. படிவம் 4-இல் அறிவியல் பாடங்கள் எடுப்பதா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறான். மாணவர்களில் 60 விழுக்காட்டினர் அறிவியல், தொழில்நுட்பப் பக்கம் போக வேண்டும் என்று அரசாங்கம் 1970-இலிருந்தே இலக்கு வைத்திருக்கிறது, இன்றுவரை எட்டவில்லை. பதக்கத்தோடு நின்றுபோன பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படிவம் 1, 2 பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் பழைய தமிழ்ப்பள்ளிக்கே வரச்சொல்லிச் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க விடுங்கள். அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனால்தான் நமக்குப் புரிந்ததா என்று தெரியும், லைனில் புதுப் பெண்களைப் பழக்கியபோது நான் கண்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பகுதியில் வாரம் கால் பக்கம் ஒதுக்குங்கள். தங்கள் ரோபோவில் என்ன கோளாறு வந்தது, முதலில் என்ன நினைத்தார்கள், எதை மாற்றிப் பார்த்தார்கள் என்று பிள்ளைகளே தமிழில் எழுதட்டும். பதக்கம் வாங்கிய குழுவிடமும் நிருபர் இதே கேள்வியைக் கேட்கட்டும். பதிலை ஆசிரியர் சொல்லாமல் பிள்ளை சொல்லட்டும்.

எனக்குச் சனிக்கிழமை காலைகள் ஓய்வு. குளுகோர், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் எந்தத் தமிழ்ப்பள்ளி கூப்பிட்டாலும் மல்டிமீட்டரும் சோல்டரிங் அயனும் எடுத்துக்கொண்டு வருகிறேன், சம்பளம் வேண்டாம். என்னோடு வேலை பார்த்த இன்னும் இரண்டு மூன்று பேரையும் கிளப்பிவிட முடியும், அதில் ஒருத்தி என்னைவிடக் கெட்டிக்காரி. விருப்பமுள்ள ஆசிரியர்கள் உங்கள் அலுவலகத்தில் கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெக்னிஷியன்,
குளுகோர், பினாங்கு