செனகலின் டக்காரிலிருந்து கிளம்பத் துடிக்கும் தம்பிக்கு

தம்பி,

17 வயதிலேயே பிரான்சில் ஒரு கால்பந்து கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், செலவுக்கு வீட்டில் கொஞ்சம் பணம் புரட்டு என்கிறாராம் உன் ஏஜென்ட். இரண்டுமே இடிக்கிறது. 18 நிறையாத ஆட்டக்காரரை வெளிநாட்டு கிளப்பில் பதிய, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் 19-ஆம் விதி தடை போடுகிறது. விலக்குகள் சில உண்டு. பந்தாடுவதற்கென்றே கிளம்பும் உனக்கு அவை பொருந்தா. ஏஜென்டின் கமிஷன் ஒப்பந்தம் முடிந்தபிறகு வருவது; முன்பணம் கேட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடு. உரிமம் உள்ளவர் பெயர் ஃபிஃபா தளத்திலேயே இருக்கும், தேடிப் பார். சுற்றுலா விசாவில் பாரிசில் இறக்கிவிட்டு, கிளப்பின் தேர்வு ஆட்டம் (டிரயல்) சரிவராததும் போனை எடுக்காமல் போவது இந்தத் தொழிலில் ரொம்பப் பழைய கதை.

நம் செனகல் நட்சத்திரம் சாடியோ மானே போன வழியைப் பார். செனகலின் ஜெனரேஷன் ஃபுட் அகாடமியிலிருந்து, அதோடு கூட்டு வைத்திருக்கும் பிரான்சின் மெட்ஸ் கிளப்புக்கு 19 வயதில் போனார். மெட்ஸ் அப்போது இரண்டாம் டிவிஷன். அந்த சீசனிலேயே மூன்றாவதுக்கு இறங்கியது. பிறகு படிப்படியாக 2012-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், 2014-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன், 2016-இல் லிவர்பூல். போன இடங்களில் பெஞ்சில் தேங்காமல் களத்தில் ஆடினார். பெரிய கிளப்பின் பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவனை அடுத்து ஆள் தேடி வரும் எந்த ஸ்கவுட் பார்ப்பார்?

இனி காகிதம். சலிப்பான விஷயம்தான், ஆனால் ஆட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். 12 வயதிலிருந்து எந்தக் கிளப்பில் எப்போது பதிவாகியிருந்தாய் என்பதுதான் உன் 'பிளேயர் பாஸ்போர்ட்'. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது நாடு விட்டு நாடு மாறினால், புதிய கிளப் உனக்காகப் பழைய கிளப்புக்குத் தரும் தொகையில் 5 சதவீதம் உன்னை வளர்த்த கிளப்புகளுக்குப் போகும். 2022-இல் மானேவுக்காக ஜெர்மனியின் பேயர்ன் கிளப் கொடுத்த அடிப்படைத் தொகை 3.2 கோடி யூரோ என்று செய்தி. அந்தக் கணக்கில் 16 முதல் 23 வரையிலான ஒவ்வொரு வயதுக்கும் 1.6 லட்சம் யூரோ, 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 80,000. செனகலில் ஒரு சின்ன கிளப்புக்கு இது எவ்வளவு பெரிய பணம்! பதிவே இல்லாமல் பேட்டை அணிக்கு ஆடிய வருஷங்களுக்குச் சல்லிக்காசு வராது.

இதைத் தவிர, முதல் தொழில்முறை ஒப்பந்தத்தின்போது, உன்னைச் சேர்க்கும் கிளப் உன்னை வளர்த்த கிளப்புகளுக்குத் தரவேண்டிய பயிற்சி இழப்பீடு உண்டு. ஐரோப்பாவில் சேரும் கிளப் பயிற்சிச் செலவுக்கான ஃபிஃபா வகைப்பாட்டில் முதல் தரமானால், உன் 16 வயதுக்குப் பிந்தைய ஒவ்வொரு பயிற்சி ஆண்டுக்கும் 90,000 யூரோ. மூன்றாம் தரமானால் 30,000. இந்தத் தொகையைப் பார்த்தே உன்னைச் சேர்க்க வந்த சின்ன கிளப்புகள் நழுவிவிடும். இங்கே உன்னை வளர்த்த கிளப் எவ்வளவுக்கு இறங்கி வரும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வை.

மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன் முடியட்டும். பரிசோதனையில் தேறினால்தான், வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று எழுத ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல். புரியாத மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பு வரும்வரை பேனாவைத் தொடாதே.

சம்பளம் இரண்டு மாதம் நின்றால் வாய்ப்பேச்சு வேண்டாம். 15 நாள் கெடு வைத்து எழுத்தில் நோட்டீஸ் கொடு. அதற்குள் முழுதாகத் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க உனக்கு நியாயமான காரணம் உண்டு. நோட்டீஸ் கொடுக்காமல் பெட்டியைக் கட்டினால் இழப்பீடு உன் தலையில் விழக்கூடும்.